பதினொரு நாள் குரல்

கையையும் காலையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்கள் உண்டு. அந்த லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கெல்லாம் தலைவன். கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்குப் பம்பரம் என்று பேர் வைத்திருந்தார்கள். டீ குடிக்கும்போதுகூட உட்காரமாட்டான். ஒரு வாய் குடிப்பான், கிளாஸை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எதையாவது முறுக்கப் போய்விடுவான், ஆறிப்போனதைத் தேடி வந்து இன்னொரு வாய் குடிப்பான். வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டி, அன்றிலிருந்து அது கடகடவென்று சத்தம் போடும்படி செய்தவனும் அவன்தான்.

இப்படிப்பட்டவனை ஒன்பது நாள் காத்திருக்கச் சொன்னால் என்ன ஆகும்? என்னென்னவோ ஆகும். ஆயிற்று.

அவன் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. இப்போது அதே பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறாள். வீட்டில் உதட்டை அசைத்துப் பேசுவாள், புரியாவிட்டால் போனில் அடித்துக் காட்டுவாள், ஆள் தூரத்தில் இருந்தால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர்களுக்கு ஒரே மகள். ஆபரேஷன் நடந்தபோது அவளுக்கு ஒரு வயது, இப்போது நாலு. அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அந்தக் குறை தெரியாதபடி அம்மாவின் பங்கையும் சேர்த்து அவளே பேசித் தீர்த்தாள். அதனால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பேர்.

ஆபரேஷனுக்கு முன்னால், பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு அம்மா மருத்துவமனையில் ஒரு யோசனை சொல்லியிருந்தார். குரல் இருக்கும்போதே நிறையப் படித்துப் பதிவு பண்ணி வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அதை வைத்து உங்கள் குரலிலேயே பேசுகிற கருவி தயார் பண்ணலாம், வரிசை ரொம்ப நீளம், வருஷக்கணக்கில் ஆகும், ஆனாலும் பதிவு கையில் இருக்கட்டும் என்றார். அவள் பதினொரு நாள் படித்தாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உள் அறையில் ஒரு மணி நேரம், போனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு. படித்ததையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, அதன் கறுப்பு உறையின் மேல் ‘வாசிப்பு’ என்று எழுதி ஒட்டி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அதை அவளும் கேட்கவில்லை, மகளுக்கும் போட்டுக் காட்டவில்லை. எப்ப கேட்டாலும் என் குரல்ல நானே பேசி அவ கேக்கணும், பெட்டியில அடைச்சு வச்சதைக் கேக்க வேண்டாம் என்று ஒருநாள் போனில் அடித்துக் காட்டினாள். சரி என்று விட்டுவிட்டான்.

மூன்று வருஷம் கழித்து மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. உங்கள் முறை வந்துவிட்டது, அடுத்த திங்கட்கிழமை பதிவுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள். அன்று சனிக்கிழமை. எண்ணினால் ஒன்பது நாள்.

செய்தி கேட்டு அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு சில்வண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டுவிட்டாள், குழந்தையும் கூடப் போயிற்று. சாயங்காலம் ஏழு மணிக்கு வருவதாக விரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

வீட்டில் தனியாக நின்றான் பம்பரம். சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் தாங்காவிட்டால் மற்றவர்கள் பாட்டுப் பாடுவார்கள், இல்லாவிட்டால் படுத்துத் தூங்குவார்கள். இவனுக்குக் கை அரித்தது. கை அரித்தால் பயமும் கூடவே வந்துவிடும். மூன்று வருஷமாகப் புடவைக்கு அடியில் கிடக்கிற டிஸ்க் ஆயிற்றே, இன்னும் வேலை செய்யுமா? ஒன்பது நாளைக்குள் ஏதாவது ஆகிவிட்டால்? அதை இப்போதே ஒரு நல்ல இடத்தில் ஏற்றிப் பத்திரப்படுத்தினால் என்ன?

நல்ல இடமும் தயாராக இருந்தது, முக்கால்வாசி. போன மாதம் அவன் லிஃப்ட் பார்க்கிற ஒரு ஆபீஸ் கட்டடத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காவல்காரரிடம் சொல்லி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். வீட்டுக்கு ஒரு சர்வர் கட்டுவது என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. படம், பாட்டு, குழந்தையின் கார்ட்டூன், குடும்ப வீடியோ எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும், டிவியிலும் போனிலும் வேண்டியவர்கள் வேண்டியதைப் பார்க்கலாம், ஒரே போனுக்கு மூன்று பேர் அடித்துக்கொள்ள வேண்டாம். பெட்டி ஓசியில் வந்தது. அதற்கு ரேமும் ஒரு பழைய டிஸ்கும் கைமாற்றுச் சாமான் விற்கிற கடையில் கையைக் கடிக்காமல் கிடைத்தன. சர்வரை ஓட்டுகிற மென்பொருள் இலவசம். குறை ஒன்றுதான். இரண்டு டிஸ்க் இருந்தால், ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் அப்படியே எழுதிக்கொண்டு போகும், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். அவனிடம் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வாங்கக் கையில் காசு இல்லை.

பீரோவைத் திறந்தான். புடவைக்கு அடியில் ‘வாசிப்பு’ இருந்தது. அதன் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு கறுப்பு உறை, ‘பழசு’ என்று ஒட்டியது. அதுவும் அவள் எழுத்துதான். குழந்தை பிறந்த புதிதில் எடுத்த வீடியோக்களின் நகல் அது. இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. அந்த நகலை மாதம் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வருவேன் என்று சொன்னவன் அவன். எடுத்த முதல் நாளோடு சரி, அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. குழந்தை தவழ்ந்து எழுந்து நின்ற வரைக்கும்தான் அதில் இருந்தது. ‘வாசிப்பு’ டிஸ்கில் அந்த வீடியோக்கள், அதற்குப் பிற்பாடு எடுத்தவை, பதினொரு நாள் படித்தது எல்லாமே இருந்தன.

கணக்கு அழகாக இருந்தது. ‘பழசு’ எப்படியும் நகல்தானே? அதை அழித்துப் பெட்டியில் இருக்கிற டிஸ்கோடு ஜோடி சேர்க்கலாம். பிறகு ‘வாசிப்பு’ டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றலாம். ஒரு இடத்தில் இருப்பது மூன்று இடத்தில் இருக்கும். ஏழு மணிக்கு அவள் வரும்போது டிவியைப் போட்டு, இதோ பார், இனிமேல் இடியே விழுந்தாலும் உன் குரலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். தப்பே இல்லை. செய்கிறவன் உட்கார்ந்து செய்திருந்தால்.

‘வாசிப்பு’ டிஸ்கை உறையோடு கேபிளில் மாட்டிப் பார்த்தான். எல்லாவற்றையும் ஏற்றப் பதினொரு மணி நேரம் ஆகும் என்றது திரை. பதினொரு மணி நேரமாவது, உட்காரவாவது! உறையை உடைத்து டிஸ்கை நேராகப் பெட்டிக்குள் மாட்டினால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினான். பட்டென்று திறந்துகொண்டது. கையோடு கையாக இன்னொன்றையும் திறந்தான். பேர் ஒட்டிய உறைகள் இரண்டும் குப்பைக் கூடைக்குப் போயின. மேஜை மேல் அச்சில் வார்த்த மாதிரி இரண்டு டிஸ்குகள் கிடந்தன.

வேலையிடத்தில் ஒரு ஒயரைக் கழற்றினாலும் நம்பர் டேப் ஒட்டாமல் கழற்றமாட்டான் இதே மனுஷன். கன்ட்ரோல் பெட்டியில் நாற்பது ஒயர் இருந்தால் நாற்பதுக்கும் நம்பர் ஒட்டுவான். புதிதாக வருகிற ஆட்கள் ஒட்டாமல் விட்டால் வாங்கு வாங்கென்று வாங்குவான். வீட்டில் அந்த டேப் வண்டிப் பெட்டியில் இருந்தது, வண்டி கீழே நின்றது, மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். நமக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டான். இடது கைப் பக்கம் இருப்பது வைத்துக்கொள்ள வேண்டியது. வலது கைப் பக்கம் இருப்பது அழிக்க வேண்டியது. அவ்வளவுதானே?

பெட்டியை மேஜைக்கு ஏற்றினான். மின்சாரக் கேபிள் சுவர் வரைக்கும் எட்டவில்லை. மேஜையைச் சுவரோரம் தள்ளினான். தள்ளியதில் அவன் நின்றிருந்த பக்கம் சுவரை ஒட்டிக்கொண்டது. நாற்காலியைத் தூக்கி மேஜையின் எதிர்ப் பக்கம் போட்டு, உட்காராமல் அங்கே வந்து நின்றான். டிஸ்குகள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. அவன்தான் சுற்றி வந்திருந்தான். பம்பரமாயிற்றே.

வலது கைப் பக்கம் இருந்ததை எடுத்து மாட்டினான். அதில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்றான். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. இதற்கு வேறு வேலை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே நிச்சயம் என்று தட்டினான். அதையும் பெட்டியில் ஏற்கெனவே இருந்த டிஸ்கையும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுபோல ஆக்குகிற வேலை தொடங்கியது. நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் அவன் டிவிக்குக் கேபிள் இழுத்தான், சுவரில் ஓட்டை போட்டான், போட்ட ஓட்டை கோணலாகிவிட இன்னொன்று போட்டான், மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் என்று வந்து பார்த்தான். முடிந்ததும் ஒரு கார்ட்டூனை ஏற்றி டிவியில் போட்டான். வாத்து ஒன்று திரையில் குதித்துக்கொண்டு வந்தது. வாத்தைப் பார்த்து அவன் தனியாகச் சிரித்தான்.

பிறகு மற்ற டிஸ்கை மாட்டித் திறந்தான்.

குழந்தையின் வீடியோக்கள் இருந்தன. பிறந்தது, பேர் வைத்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நின்றது. அத்தோடு நின்றது. வாசிப்பு என்று ஒன்றும் இல்லை. கீழே இறக்கிப் பார்த்தான், மேலே ஏற்றிப் பார்த்தான். கழற்றி மறுபடி மாட்டினான். அப்போதுதான் மேஜையையும் சுவரையும் நாற்காலியையும் பார்த்தான். வாய்விட்டு ‘ஐயோ’ என்றான். கேட்க வீட்டில் யாரும் இல்லை.

அழிந்த டிஸ்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினான். அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற கடை ஒன்று மார்க்கெட் பின்புறம் மாடியில் இருந்தது. சிக்னலில் நிற்கும்போது கால் தரையில் தாளம் போட்டது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்ததும் அவனைத் திரும்பி முறைத்தான். கடைக்காரர் பொறுமைசாலி. உட்காருங்க சார் என்றார், இவன் உட்காரவில்லை. என்ன பண்ணீங்க என்று கேட்டார், மூச்சு விடாமல் சொன்னான். வெறுமனே அழித்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார் அவர். நீங்கள் ஜோடி சேர்த்துவிட்டீர்கள். காலியாக இருந்த அந்தப் பழைய டிஸ்கில் என்ன இருந்ததோ அதை இதன் மேல் முதலிலிருந்து கடைசிவரை எழுதியாகிவிட்டது. ஒரு துளி இடம்கூட விடாமல் எழுதியிருக்கிறது. அவன் வேறு வழி கேட்டான். வேறு கடை கேட்டான். கடைக்காரர் டிஸ்கைத் துண்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“எங்க வேணாலும் கொண்டுபோங்க சார், எடுத்துத் தரேன்னு சொல்றவன் உங்களை ஏமாத்துறான்.”

ஏழு மணிக்கு அவள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சில்வண்டு உள்ளே நுழைந்ததும் டிவியில் நின்றுகொண்டிருந்த வாத்தைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடியது. அவன் கதவருகிலேயே நின்றான். வரும் வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான். டிஸ்க் தானாகவே கெட்டுப்போயிருந்தது என்று சொல்லலாம், மூன்று வருஷமாயிற்றே, யாரும் நம்புவார்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய்யை விட்டுவிட்டான்.

“வாசிப்பு போச்சு,” என்றான். “நான்தான் அழிச்சேன். டிஸ்க் மாறிப்போச்சு.”

அவள் உதட்டை அசைத்தாள். முதல் தடவை அவனுக்குப் புரியவில்லை. மறுபடி அசைத்தாள். எல்லாமா?

எல்லாம் என்று தலையை ஆட்டினான்.

அவள் கைப்பையை மாட்டுகிற இடத்தில் மாட்டினாள். செருப்பைச் சேர்த்து வைத்தாள். குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். அழுதால் அவளுக்குச் சத்தம் வராது. தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் வந்தது. இவன் கதவுக்கு வெளியே நிற்பதும் நடப்பதுமாக இருந்தான். திட்டினால் தேவலை, எதையாவது எடுத்து எறிந்தால் தேவலை என்றிருந்தது. வெளியே வந்தவள் அவனைத் திட்டவில்லை. போனில் ஒரே ஒரு வரி அடித்துக் காட்டினாள். மிச்சம் என்ன இருக்கு?

மிச்சம் இருந்தது ‘பழசு’தான். அவள் தன் போனைத் துழாவிப் பார்த்தாள். குரல் இருந்த காலத்துப் போன் எப்போதோ உடைந்துபோய் மாற்றியாகிவிட்டது, அதில் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலையில் பேச்சுப் பயிற்சி அம்மாவுக்குப் போன் போட்டான். நடந்ததை அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, குறைந்தது அரை மணி நேரமாவது உங்கள் மனைவியின் பேச்சு வேண்டும், வேறு யாருடைய குரலும் கலக்கக்கூடாது, பின்னால் எந்தச் சத்தமும் இருக்கக்கூடாது, துண்டு துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, பொறுக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். கருவி எதைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறதோ அதைப் போலத்தான் பேசும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை அவன் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

அந்த வாரம் முழுக்க லீவு போட்டான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பம்பரம் உட்கார்ந்தது. முந்நூற்றுச் சொச்சம் வீடியோ. மனைவி அந்த அறைப் பக்கமே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துச் சுவரில் தட்டிவிட்டுப் போய்விடுவாள்.

முதல் நாள் அவள் குரலைக் கேட்டதும் அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறந்தே போயிருந்தான். நினைவில் இருந்த குரல் வேறு, இது வேறு. கொஞ்சம் கட்டையாக, வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல். ஹெட்போனைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டினான்.

இரண்டாம் நாள்தான் அவள் என்ன பேசுகிறாள் என்பது காதில் ஏறத் தொடங்கியது. வீடியோ எடுத்ததெல்லாம் அவள்தான், அதனால் படத்தில் குழந்தை, குரலில் அவள். “ஏங்க, இங்க வாங்க.” “ஏங்க, சீக்கிரம் வாங்க, குப்புற விழப்போறா.” “அதை அப்புறம் பாத்துக்கலாம், வாங்களேன்.” “ஏங்க, கூப்பிடுறது காதுல விழுதா இல்லையா?” ஒவ்வொன்றிலும் பின்னால் ஏதோ ஒரு சத்தம். ட்ரில் ஓடுகிற சத்தம், சுத்தியல் சத்தம், எதையோ இழுக்கிற சத்தம். எல்லாம் அவன் போட்ட சத்தம். நல்ல வாக்கியமாக ஒன்று கிடைத்தால் அதன் குறுக்கே ட்ரில் ஓடியது, அதைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. ட்ரில் இல்லாத இடத்தில், அடுத்த அறையிலிருந்து அவனுடைய குரலே வந்தது. இதோ வரேன். அதையும் வெட்ட வேண்டும். வெட்டினான். ஒரு நாளில் நாற்பது தடவை, ஐம்பது தடவை இதோ வரேனை வெட்டினான். ஒரு வீடியோவிலாவது அவன் வந்து நிற்கிறானா என்று தேடிப் பார்த்தான். குழந்தை முதன்முதலில் எழுந்து நின்ற வீடியோவில், எல்லாம் முடிந்து குழந்தை உட்கார்ந்த பிறகு, ஓரத்தில் அவனுடைய கால் மட்டும் தெரிந்தது.

வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. கால் கிடந்து துடித்தது. ஓடினால் அரை மணி நேரம் சேராது என்பதால் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முப்பத்தொரு நிமிஷம் சேர்ந்தது. அதற்கு மேல் ஒரு விநாடிகூட இல்லை.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரம் அவன் எப்படி இருந்தான் என்று சொல்லத் தொடங்கினால் அது தனிக் கதை. சர்வர் பெட்டியை அவன் தொடவில்லை என்று மட்டும் சொல்லலாம். மனைவி எல்லாம் வழக்கம்போலச் செய்தாள், வழக்கம்போல உதட்டை அசைத்தாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவனாக இரண்டு தடவை பேச்சை எடுத்துப் பார்த்தான். கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மூன்று பேரும் போனார்கள். சின்ன அறை, நாலு நாற்காலி, மேஜை மேல் ஒரு தொடுதிரைக் கருவி, அதனோடு ஒரு சிறிய ஒலிபெருக்கி. எழுத்தை அடித்துப் பச்சைப் பொத்தானைத் தொட்டால் பேசும். மனைவி புடவைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். சில்வண்டு அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தது, அன்றைக்கென்று வாயே திறக்கவில்லை. அவன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

அவள் அடித்தாள். பொத்தானைத் தொட்டாள்.

“சில்வண்டு, அம்மா பேசுறேன்.”

அவள் குரல்தான். சந்தேகமே இல்லை, அந்தக் கட்டைக் குரலேதான். ஆனால் அதில் ஒரு அவசரம் இருந்தது, ஒரு எரிச்சல் இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராமல் நாலாவது தடவை கூப்பிடுகிறவளின் குரல் அது. பேச்சுப் பயிற்சி அம்மா லேசாக இருமினார். கிடைத்ததை வைத்துத்தான் செய்ய முடியும் என்றார்.

குழந்தை ஒலிபெருக்கியைப் பார்த்தது. திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்து ரகசியமாகக் கேட்டது.

“அம்மா கோவமா இருக்காங்களா?”

மனைவி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே அடித்தாள். அதே கோபத்தோடு குரல் சொன்னது:

“உன் மேல கோவம் இல்லடா. உங்க அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே இந்தக் குரல் இப்படி ஆயிடுச்சு.”

பேச்சுப் பயிற்சி அம்மா சிரித்துவிட்டார். குழந்தையும் சிரித்தது. மனைவியும் சத்தமில்லாமல் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். குழந்தை அதோடு விடுகிற ஆளா?

“கோவப்படாத குரல் வேற இல்லையாம்மா?”

மனைவியின் விரல்கள் நின்றன. அவனைப் பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள். இதற்கு நீயே சொல் என்று விட்டுவிட்டாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

“இருந்துச்சுடா,” என்றான். “பதினொரு நாள் உக்காந்து அம்மா படிச்சு வச்சிருந்தாங்க. அப்பாதான் தெரியாம அழிச்சுட்டேன்.”

“என்ன படிச்சாங்க?”

அது அவனுக்குத் தெரியாது. கதையா, பாட்டா, பாடப் புத்தகமா? அந்தப் பதினொரு நாளும் மனைவி உள் அறையில் படித்துக்கொண்டிருக்க, அவன் குளியலறைக் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தான். பயத்தில்தான். கையில் ஸ்பேனர் இல்லாவிட்டால் அவள் காதில் விழும்படி அழுதுவிடுவோம் என்ற பயத்தில்தான். ஆனாலும் சாத்தியிருந்த அந்தக் கதவை ஒருமுறைகூட அவன் திறக்கவில்லை.

மனைவி அடிக்கத் தொடங்கினாள். நிறைய அடித்தாள். தப்பாக விழுந்ததை அழித்துத் திருத்தி அடித்தாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அடிக்கிறாள் என்று நினைத்தான், வரட்டும் என்று காத்திருந்தான். பொத்தானைத் தொட்டாள். இந்தத் தடவை அந்தக் குரலும் அது சொன்ன விஷயமும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தின.

“அழிஞ்சது போகட்டுங்க. பதினொரு நாள்ல ஒரு நாளாவது நீங்க பக்கத்துல வந்து உக்காந்து கேட்டிருந்தா, நான் என்ன படிச்சேன், எந்தக் குரல்ல படிச்சேன்னு இன்னைக்கு நீங்களாவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.”